மார்சோல் மீது ஒரு பிராது

பாஞ்சாலைக்கு எதையும் விசாரித்துத் தெரிந்துகொள்ளாவிட்டால் சோறு இறங்காது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் எந்த ஊர், யார் வீடு, எத்தனை பிள்ளைகள், மூத்தது என்ன படிக்கிறது என்று கேட்டு முடிப்பதற்குள் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போயிருக்கும். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் அவள் வேலை பார்த்த பொம்மைப் பட்டறையில் அவளுக்குச் சென்சஸ்காரி என்றே பேர். அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையின் ஓரத்தில் கோடு போட்டாற்போல் நிற்கும் பிசிறைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது அவள் வேலை. கை பிள்ளையாரின் காதைத் துடைத்துக்கொண்டிருக்கும். வாய் பக்கத்துப் பெண்ணின் நாத்தனாரைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் பேருக்கு மேல் எதையும் கேட்காமல் விட்டாள். அது அவளைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அவள் புருசன் கலியமூர்த்திக்கும் அதே பட்டறைதான். பச்சைப் பொம்மைகளை நீளப் பலகையில் வரிசையாக நிறுத்தி, பலகையைத் தலையில் ஏற்றி, காயவைக்கும் கொட்டகையிலிருந்து சூளை வாசல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சுடாத பொம்மை, லேசாக இடித்தாலே மூக்கு போய்விடும். அதனால் கலியமூர்த்தி இடுப்புக்கு மேலே அசையாமல் முழங்காலால் மட்டும் நடப்பான். ஒரு கை பலகையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். மற்ற கை கல்யாணத்துக்குப் போகிறவன் கை மாதிரித் தாராளமாக வீசும்.

எல்லாம் சரி, ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பலகை தலையில் ஏறினால்தான் அவனுக்குக் கெண்டைக்கால் அரிக்கும். சூளை வாசலுக்கு நாலு எட்டு இருக்கும்போது நிற்பான். வலது காலைத் தூக்கி, கட்டைவிரலால் இடது கெண்டைக்காலைச் சாவகாசமாகச் சொறிவான். ஒற்றைக் காலில் அவன் நிற்க, அவன் தலைமேல் ஒரு வரிசைப் பிள்ளையார்களும் நிற்பார்கள். ஒன்றுகூட ஆடாது. பார்க்கிறவர்கள்தான் தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டுவார்கள்.

“பலகைய எறக்கி வெச்சிட்டுச் சொறிஞ்சா என்னவாம்?” என்று பாஞ்சாலை உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்துவாள்.

அவன் காதில் விழாதவன்போலச் சூளைக்குள் குனிந்து போய்விடுவான். இது தினப்படி நடந்தது. பட்டறையில் ஒரு பொம்மையையும் உடைக்காத அந்த மனுசன் வீட்டில் டம்ளரைக் கூட ஒழுங்காகப் பிடிக்கமாட்டான் என்பது பாஞ்சாலைக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

இரண்டாயிரத்து நாலில், ஆடிக்காற்று புழுதியை வாரிக் கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், காதில் கம்மல் போட்ட வெள்ளைக்கார வாலிபன் ஒருவன் கைக்குள் அடங்குகிற கேமராவோடு பட்டறைக்கு வந்தான். மேஸ்திரி பக்கிரிதான் அவனிடம் அரைகுறை இங்கிலீஷில் பேசினார். வேலை செய்கிறவர்களைப் படம் பிடிக்க வேண்டுமாம். பெண்கள் எல்லாரும் முந்தானையைச் சரி செய்துகொண்டார்கள். வந்தவன் அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. கலியமூர்த்தி பலகையோடு நடப்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

கலியமூர்த்திக்குத் தலைகால் புரியவில்லை. தண்ணீர் தொட்டுத் தலை சீவினான், சட்டைக்குக் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டான். வெள்ளைக்காரனோ மண்ணில் குப்புறப் படுத்துக் கேமராவைத் தரையோடு தரையாக வைத்தான். அன்று பொழுது சாய்கிற வரைக்கும் கலியமூர்த்தி அதே பலகையோடு போனான், வந்தான், மறுபடி போனான். கேமரா அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தது. பட்டறையே சிரித்தது. பாஞ்சாலைக்கு மட்டும் எரிச்சலாக வந்தது. மூஞ்சியை விட்டுவிட்டுக் காலைப் படம் பிடிக்கிறவன் எப்படிப்பட்ட ஆளாக இருப்பான் என்று முணுமுணுத்தபடி பஞ்சைப் பிழிந்தாள்.

போகிறபோது அந்த வாலிபன் தன் நெஞ்சைத் தொட்டு, “மார்சோல்” என்றான். கலியமூர்த்தியும் தன் நெஞ்சைத் தொட்டுத் தன் பேரைச் சொன்னான். படம் தயாரானதும் அனுப்பி வைக்கிறேன் என்று வந்தவன் பக்கிரியிடம் சொல்லிவிட்டுப் போனான். எந்த ஊர், என்ன வேலை, கல்யாணம் ஆயிற்றா, ஆம்பிளைக்கு எதற்குக் கம்மல் என்று பாஞ்சாலையின் வாயில் ஒரு பஸ் நிறையக் கேள்வி இருந்தது. கோபத்தில் ஒன்றையும் கேட்கவில்லை.

அடுத்த வருசம் மழைக்காலத்தில் கலியமூர்த்திக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், பெரிய ஆஸ்பத்திரியிலும் சேர்த்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. நாற்பது வயதுகூட ஆகாத ஆள், தீபாவளிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தான்.

காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும் என்றபோதுதான் வீட்டில் அவன் படம் இல்லை என்பது பாஞ்சாலைக்கு உறைத்தது. கல்யாணப் படங்கள் ஒரு மழையில் கூரை ஒழுகி ஒன்றோடொன்று ஒட்டி நாசமாகியிருந்தன. மிச்சம் இருந்தது ரேஷன் கார்டில் இருந்த கட்டைவிரல் அகலப் படம்தான். ஸ்டூடியோக்காரன் அதைப் பெரிதாக்கினான். கழுத்துக்குக் கீழே ஒன்றும் தெளிவாக இல்லாததால் அவனே ஒரு நீலக் கோட்டும் சிவப்பு டையும் போட்டுவிட்டான். கன்னத்தையும் மினுக்கி வெள்ளையாக்கினான். சட்டம் போட்டு வந்ததைப் பார்த்தால் யாரோ தாலுகா ஆபீஸ் அதிகாரி. கலியமூர்த்தியின் அண்ணன்கூட ஒரு நிமிடம் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மகள் பாரதிக்கு அப்போது ஐந்து வயது. முதலில் அவள் அந்தப் படத்தைச் சட்டையே செய்யவில்லை. நாள் போகப்போக அதற்கே விபூதி வைத்தாள். ஸ்கூலில் அப்பாவைப் பற்றிச் சொல்லச் சொன்னபோது, எங்கப்பா கோட்டுப் போட்டுக்கிட்டு ஆபீஸுக்குப் போவாரு என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் அதைச் சிரித்தபடி பாஞ்சாலையிடம் சொன்னார். பாஞ்சாலை அங்கே சிரித்துவிட்டு, வரும் வழியில் ரோட்டோரத்தில் நின்று அழுதாள். பெற்ற பெண்ணின் மனசிலிருந்து அந்த மனுசன் போய்க்கொண்டிருக்கிறான். அவன் நடந்ததை, கை வீசியதை, சொறிந்ததை எந்தப் படம் பிடித்துக் காட்ட முடியும்? அப்போதுதான் தரையில் படுத்துக் கிடந்த அந்தக் கேமரா நினைவுக்கு வந்தது. அன்றைக்கு முழுக்க எடுத்தானே, ஒரு தடவையாவது முகத்தையும் எடுத்திருக்கமாட்டானா?

பக்கிரியிடம் போய்க் கேட்டாள். அவரிடம் விலாசம் இல்லை, போன் நம்பர் இல்லை. மார்சோல் என்ற பேர் மட்டும் இருந்தது. அதுதான் பாஞ்சாலையிடமே இருந்ததே.

“கொளஞ்சியப்பருகிட்டப் பிராது கட்டிடு. அவரு பார்த்துக்குவாரு” என்றாள் விருத்தாம்பாள். பாஞ்சாலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிசிறு சுரண்டுகிறவள், எதற்கும் ஒரு வழி வைத்திருப்பவள்.

மணவாளநல்லூரில் முருகன் கொளஞ்சியப்பராக இருக்கும் கோயிலில் பிராது கட்டுவது இந்தப் பக்கத்து வழக்கம். போலீஸிலும் பஞ்சாயத்திலும் தீராததை ஒரு தாளில் எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் சந்நிதி வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். மிச்சத்தைச் சாமி பார்த்துக்கொள்ளும். திருட்டுப் போன மாடு திரும்பி வந்திருக்கிறது, ஏமாற்றியவன் வீடு தேடி வந்து காலில் விழுந்திருக்கிறான். காரியம் முடிந்ததும் மறுபடி கோயிலுக்குப் போய்ப் பிராதை முடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு ராஜினாமா என்று பேர்.

எட்டாவது வரைக்கும் படித்த பாஞ்சாலை தன் கையாலேயே எழுதினாள். என் வீட்டுக்காரரைப் படம் பிடித்துக்கொண்டு போன வெள்ளைக்காரர் மார்சோல் என்பவர் அதைக் கொண்டுவந்து தர வேண்டும். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எழுத எழுத அன்றைய எரிச்சல் திரும்பி வந்தது. என் வீட்டுக்காரர் காலை எடுத்துக்கொண்டு போனவரை, தரும்வரைக்கும் தன் காலில் நிற்கவிடாதே சாமி என்று ஒரு வரி சேர்த்தாள். விருத்தாம்பாள் படித்துப் பார்த்து, கடைசி வரி நல்லாருக்குது என்றாள்.

தை பிறந்தது. பொங்கல் முடிந்து பட்டறை திறந்த வாரம், விருத்தாம்பாள் ஒரு செய்தியோடு வந்தாள். அவள் தங்கச்சி ஜங்ஷன் ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தாள். அங்கே ஒரு வெள்ளைக்காரம்மா காலை முறித்துக்கொண்டு வந்து படுத்திருக்கிறார். நல்லூர் பக்கம் ஓடைக்கரையில் கல் பார்க்கப் போய் விழுந்துவிட்டாராம்.

“பேரு என்னவோ மார்சோலாம்” என்று விருத்தாம்பாள் குரலைத் தாழ்த்தினாள்.

பாஞ்சாலை கையிலிருந்த பிள்ளையாரின் தும்பிக்கை மளுக்கென்று போயிற்று.

அன்று முழுக்க அவளுக்கு ஓடியது ஒரே யோசனை. ஒரே பேரில் இரண்டு பேர் இருப்பது அதிசயமில்லை. அவள் தெருவிலேயே மூன்று விருத்தகிரி உண்டு. ஆனால் ஆம்பிளைக்கும் பொம்பிளைக்கும் ஒரே பேரா? இவள் எழுதியதோ வெறும் மார்சோல். அப்பன் பேர் இல்லை, ஊர் இல்லை. சாமி என்ன செய்யும்? வேலாயுதத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டிருக்கும். கைக்கு எட்டிய தூரத்தில் ஒரு மார்சோல் ஓடையில் நின்றிருக்கிறாள். போட்டுவிட்டது.

மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டிலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தவளுக்கு ஐம்பது வயது இருக்கும். குட்டையாக வெட்டிய நரைமுடி, மூக்கு நுனியில் கண்ணாடி. பக்கத்து ஸ்டூலில் புதுச்சேரியிலிருந்து அவளுக்குக் கார் ஓட்டி வந்த தேவநாதன் உட்கார்ந்து தினத்தாள் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பிரெஞ்சு தெரியும். பாஞ்சாலை பழத்தைக் கட்டில்மேல் வைத்தாள். வந்த காரணத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், மன்னிச்சிருங்க என்று அந்த அம்மாளின் நல்ல காலைத் தொட்டாள்.

தேவநாதன் பேப்பரை மடித்துவிட்டு விசாரித்தான். பாஞ்சாலை பலகையில் தொடங்கிப் பிராதின் கடைசி வரி வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் பாதியிலேயே சிரிப்பை அடக்கமாட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு பிரெஞ்சில் சொன்னான். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, இடது கால் என்று எழுதினீர்களா, வலது கால் என்றா என்பதுதான். அதையெல்லாம் எழுதவில்லை என்றாள் பாஞ்சாலை. அப்படியானால் உங்கள் சாமிமேல் தப்பில்லை என்று அந்த அம்மாள் சொல்லி, அப்புறம்தான் கட்டில் அதிரச் சிரித்தாள்.

மார்சோல் என்பது அவள் பேரே இல்லை என்று அங்கேதான் தெரிந்தது. அவள் பேர் எலென்.

“அது அவங்க குடும்பப் பேரு அக்கா. அப்பா, அத்தை, சித்தப்பா புள்ளைங்க எல்லாத்துக்கும் அதேதான். நம்ம பாண்டியிலயே அந்தக் காலத்துல சில தமிழாளுங்க பிரெஞ்சுப் பேரு எழுதிகிட்டாங்க. எங்க தெருவுல ரெண்டு வூடு இருக்குது” என்றான் தேவநாதன்.

பாரதி பேருக்கு முன்னால் ‘க’ என்று ஒற்றை எழுத்துதான் நிற்கிறது. அதுவும் அவள் அப்பனோடு சரி. இவர்களுக்கோ பாட்டன் பூட்டன் காலத்துப் பேர் அப்படியே முழுசாகக் கூட வருகிறது. ஒரு ஆளின் பேரில் பிராது கட்டியதாகப் பாஞ்சாலை நினைத்திருந்தாள். ஒரு வம்சத்தின் மேலேயே கட்டியிருக்கிறாள்.

“இன்னும் எத்தினி பேரு இருப்பாங்க தம்பி?”

எலெனுக்கே அது தெரியாது. தனக்குத் தெரிந்து இந்தியாவுக்கு வந்த சொந்தக்காரன் யாரும் இல்லை, சொந்தமில்லாத மார்சோல்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்றாள். அதற்கு மேல் பாஞ்சாலை தினமும் வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தாள். பயத்தில் போனவளை ஆசை பிடித்துக்கொண்டது. கேட்பதற்கு இவ்வளவு கேள்வி உள்ள ஆள் அவளுக்கு இதுவரை வாய்த்ததில்லை. எலெனின் வேலை பழைய கல்லைப் பார்த்து அதன் வயதைச் சொல்வது. கல்லுக்குள் பதிந்த ஒரு சிப்பியைக் காட்டி, இந்தப் பக்கம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்றாள். நல்லூருக்குக் கடல் எப்படி வந்தது, திரும்பி ஏன் போனது, போகும்போது சிப்பியை ஏன் விட்டுவிட்டுப் போனது என்று பாஞ்சாலை கேட்ட கேள்விகளைப் பிரெஞ்சில் மாற்றிச் சொல்லித் தேவநாதனுக்கு நாக்கு வறண்டது. டீ சொல்லட்டுமா என்று கேட்டுத் தப்பித்துக்கொள்வான். எலென் பதில் தெரியாத இடத்தில் தெரியாது என்று நேராகச் சொன்னாள். அது பாஞ்சாலைக்குப் பிடித்துப்போயிற்று.

ஊன்றுகோல் வந்ததும் எலென்தான் வற்புறுத்தினாள். மூன்று பேரும் கடைத்தெருவில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனார்கள். தேவநாதன் பேரைத் தட்டியதும் திரை நிறைய மார்சோல்கள் வந்து நின்றார்கள். ஒருவர் பல் டாக்டர். ஒருவர் ரொட்டிக்கடை வைத்திருக்கிறார். கல் ஆராய்ச்சி என்ற இடத்தில் எலெனின் படமே வந்தது, இரண்டு காலும் நன்றாக இருந்தபோது எடுத்தது. சினிமா என்ற இடத்தில் வெள்ளைத் தாடிவைத்த ஒரு கிழவர். பொம்மைப் படம் என்ற இடத்தில் இன்னொருவர், அவர் படத்துக்குப் பதிலாக ஒரு கோணல் மூக்குக் கார்ட்டூன்தான் இருந்தது.

“பொம்மைப் படம்னா?” என்றாள் பாஞ்சாலை.

டிவியில் பிள்ளைகள் பார்க்குமே, பூனையும் எலியும் ஓடுகிறாற்போல வரைந்து ஓட்டுவது என்று தேவநாதன் விளக்கினான்.

“வரையறவருக்குக் கேமரா எதுக்கு? அந்தத் தாடிக்காரரையே கேளு தம்பி. சினிமா எடுக்கறவங்கதான் படம் புடிப்பாங்க. இவரு இல்லன்னா இவரு கம்பெனி ஆளா இருக்கும்.”

சென்சஸ்காரி இரண்டாவது தடவையாகக் கேட்க வேண்டிய ஆளிடம் கேட்காமல் விட்டது அங்கேதான். ஆனால் அப்போது அது யாருக்குத் தெரியும்? எலென் தாடிக்காரருக்கு ஈமெயில் அனுப்பினாள். சில நாள் கழித்து அதே சென்டரில் போய்ப் பார்த்தபோது பதில் வந்திருந்தது. மரியாதையான பதில். நான் இந்தியாவுக்கு வந்ததே இல்லை, என் ஆட்கள் யாரும் வந்ததாகவும் தெரியவில்லை, உங்கள் தோழிக்கு என் அனுதாபங்கள். தாமதத்துக்கு மன்னிக்கவும், முழங்கால் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருக்கிறேன்.

கடைசி வரியைத் தேவநாதன் படித்ததும் பாஞ்சாலை எழுந்து நின்றுவிட்டாள். அவருக்கு எழுபத்தெட்டு வயது, அந்த வயதில் முழங்கால் போகத்தான் செய்யும், அது போக ஆரம்பித்து வருசக்கணக்காகியிருக்கும் என்று எலென் எவ்வளவோ சொன்னாள். நான் விழுந்ததும் பின்பக்கமாக நடந்ததால்தான் என்றாள். பாஞ்சாலை ஒன்றும் காதில் வாங்கவில்லை. அன்றைக்குத் திரையில் வந்து நின்ற பல் டாக்டரையும் ரொட்டிக்கடைக்காரரையும் நினைத்துப் பார்த்தாள். அவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கும் இதே பேர்தான் இருக்கும். பாரதி வயதில்கூட ஒரு மார்சோல் எங்கேயாவது ஸ்கூலுக்கு நடந்து போய்க்கொண்டிருப்பாள்.

பிராதைத் திரும்ப வாங்கினால் அந்தக் கம்மல்காரனைப் பிடிக்க அவளிடம் வேறு பிடியே கிடையாது. கலியமூர்த்தி கோட்டுக்காரனாகவே சுவரில் நிற்க வேண்டியதுதான். பிரவுசிங் சென்டர் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு மணவாளநல்லூர் போகிற ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினாள்.

கோயிலில் இருந்தவர் வழக்கம்போல, காரியம் நிறைவேறிடுச்சாம்மா என்று கேட்டார்.

“இல்லீங்க. ஆளு தெரியாம எழுதிப்புட்டேன். யாருக்கும் ஒண்ணும் ஆவாம இருந்தா போதும்.”

அவர் மேலே ஒன்றும் கேட்காமல் ராஜினாமாவை வாங்கிக்கொண்டார். பாஞ்சாலை சாமியைப் பார்த்துக் கும்பிட்டாள். இது முடிந்த கணக்கு, இனி மார்சோல் என்று யாரைப் பார்த்தாலும் கையிலிருக்கும் வேலாயுதத்தைக் கீழே போட்டுவிடு என்று கேட்டுக்கொண்டாள். திரும்பி வரும்போது மனசு லேசாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள். இல்லை. கலியமூர்த்தியை இரண்டாம் தடவை அனுப்பிவைத்துவிட்டு வருகிறாற்போல இருந்தது.

எலென் மாசிக்கு முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது ஒரு சிப்பிக் கல்லைப் பாரதியிடம் கொடுத்தாள். பாஞ்சாலை பதிலுக்குத் தன் கையால் துடைத்த ஒரு பிள்ளையாரைத் துணி சுற்றிக் கொடுத்தனுப்பினாள். அதன் பிறகு வழக்கமான நாட்கள்தான். அரசாங்கம் கொடுத்த கலர் டிவி வீட்டுக்கு வந்தது. பாரதி மூன்றாம் வகுப்புக்குப் போனாள். கோட்டுப் படத்துக்கு வருசா வருசம் மாலை போட்டார்கள்.

இரண்டாயிரத்து எட்டு சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவநாதன் கார் வாசலில் வந்து நின்றது. கையில் ஒரு டிவிடி. எலென் அனுப்பியதாம். பிராதுக் கதையை அவள் அங்கே போகிற இடத்திலெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். கேட்ட ஒருத்தர், பொம்மைப் படம் போடுகிற ஒரு மார்சோல் இந்தியாவுக்குப் போய் வந்தவனாயிற்றே என்றிருக்கிறார். எலென் தேடிப் போய்க் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்தவன் காதில் கம்மல் இருந்தது.

“அவரு காலு?” என்றாள் பாஞ்சாலை முதல் கேள்வியாக.

“ரெண்டும் நல்லா இருக்குதாம்க்கா. எலென் அம்மாவே பார்த்துட்டுச் சொன்னாங்க.”

மிச்சத்தைச் சொல்லத் தேவநாதனுக்குச் சங்கடமாக இருந்தது. மெதுவாகச் சொன்னான். அன்றைக்கு எடுத்த கேசட் இப்போது இல்லை. நடையைப் பார்த்துப் பார்த்து வரைவதற்காகத்தான் அவன் எடுத்தான். வரைந்து முடித்த பிறகு அதே கேசட்டில் வேறு எதையோ எடுத்து அழித்துவிட்டான். ஆள் இறந்துபோனது அவனுக்குத் தெரியாது. அனுப்புகிறேன் என்று சொன்னதை மறந்ததற்காக மன்னிப்புக் கேட்டிருக்கிறான். இருப்பது வரைந்த படம்தான்.

பாஞ்சாலை விருத்தாம்பாள் வீட்டுக்குப் போய், மங்கலம்பேட்டையில் வாங்கிய அவர்களுடைய டிவிடி பிளேயரை வாங்கி வந்தாள். விருத்தாம்பாளும் கூடவே வந்தாள். பாரதி டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தேவநாதன் ஒயரை மாட்டினான்.

வெள்ளைத் திரையில் கறுப்புக் கோடுகளால் வரைந்த ஒரு ஊர் வந்தது. கூரைகள், ஒரு புகைபோக்கி, காற்றில் ஆடுகிற மரம். ஒரு மனுசன் வந்தான். தலையில் நீளப் பலகை. பலகைமேல் பொம்மைகள் இல்லை, சின்னச் சின்ன வீடுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் ஒரு விளக்கு. அந்த மனுசனுக்கு முகம் இல்லை. முட்டை மாதிரி ஒரு வட்டம், அவ்வளவுதான்.

“இதுலயும் மூஞ்சி இல்ல” என்று பாஞ்சாலை கசந்துபோய்ச் சொன்னாள். இத்தனை வருசம் காத்திருந்ததற்கு இதுவா என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பாரதி, இது யாரும்மா என்றாள். பாஞ்சாலை டிவியை நிறுத்தத்தான் எழுந்தாள். எழுந்தவள் பாதியில் நின்றாள். திரையில் போகிறவன் இடுப்புக்கு மேலே அசையவில்லை. முழங்கால் மட்டும் நடக்கிறது. ஒரு கை பலகையைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது, மற்ற கை தாராளமாக வீசுகிறது. தூரத்தில் சூளை வாசல் வந்தது. நாலு எட்டு இருக்கும்போது அவன் நின்றான். வலது காலைத் தூக்கினான். கட்டைவிரலால் இடது கெண்டைக்காலைச் சாவகாசமாகச் சொறிந்தான். தலைமேல் ஊரே நின்றது. ஒரு விளக்கும் ஆடவில்லை.

விருத்தாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாஞ்சாலைக்குக் கண் நிறைந்து திரை மங்கியது. ஆனாலும் குரல் பட்டறையில் கேட்ட அதே குரலாகத்தான் வந்தது.

“பலகைய எறக்கி வெச்சிட்டுச் சொறிஞ்சா என்னவாம்?”

பாரதி திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தாள், பிறகு சுவரில் கோட்டோடு நின்ற அதிகாரியைப் பார்த்தாள், பிறகு டிவியைப் பார்த்தாள்.

“அப்பாவாம்மா?” என்றாள்.

பாஞ்சாலை தலையாட்டினாள். அதற்குள் அவன் காதில் விழாதவன்போலச் சூளைக்குள் குனிந்து போய்விட்டான்.